ஏரியின் மேல் ஓரடி

2015 டிசம்பர் முதல் தேதி காலை தொடங்கி மறுநாள் காலைக்குள் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை கொட்டியது. தமிழகத்தின் சராசரி ஆண்டு மழையே சுமார் 92 செ.மீ.தான். ஓராண்டு முழுவதும் பெய்ய வேண்டியதில் பாதிக்கு மேல் ஒரே நாளில் இறங்கிவிட்டது. நான்கு ஆண்டுகள்கூட முழுதாகக் கழியவில்லை. 2019 கோடையில் அதே சென்னைக்குக் குடிநீர் தரும் ஏரிகள் வறண்டு கிடந்தன. ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தது.

பருவமழையை நம்பி வாழும் நாடு எங்கும் இந்தக் கதைதான். இந்தியாவின் பெரும்பகுதிக்கு ஆண்டு மழையில் நான்கில் மூன்று பங்கு, ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கே மாதங்களில் கிடைக்கிறது. மேற்குத் தொடர்ச்சி மலையின் மறைவில் இருக்கும் தமிழகத்துக்கு அந்தப் பங்கும் குறைவு. இங்கே பாதி மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வங்கக் கடலில் உருவாகும் தாழ்வு மண்டலங்களையும் புயல்களையும் நம்பி வருவது. வந்தால் இரண்டு நாளில் எல்லாம் வரும். வராவிட்டால் அந்த ஆண்டே போச்சு. வயலுக்கோ அப்படி மொத்தமாக வாங்கிக்கொள்ளத் தெரியாது. நாற்று நட்டதிலிருந்து கதிர் முற்றும்வரை நெல் நாள் தவறாமல் குடிக்கும். பயிர்க்காலம் முழுவதையும் கூட்டினால் வயல் பரப்பின் மேல் ஒரு மீட்டருக்கும் அதிக உயரத்துக்கு நீர் பாய்ச்சியிருப்போம். இரண்டு நாள் மழையை நாலு மாதத்துக்கு நீட்டிக் கொடுக்க ஒரு கருவி வேண்டும்.

அந்தக் கருவி தமிழகத்தில் சுமார் 39,000 இடங்களில் இருக்கிறது. வடக்கே ஏரி, மதுரை, இராமநாதபுரம் பக்கம் கண்மாய், நெல்லைச் சீமையில் குளம். தினமும் பேருந்து ஜன்னலில் கடந்து போவதால் அதன் நுட்பம் நம் கண்ணில் படுவதில்லை. ஏரி என்பது யாரோ தோண்டிய பெரிய பள்ளம் என்று பலர் எண்ணுகிறார்கள். பெரும்பாலான ஏரிகள் தோண்டப்பட்டவையே அல்ல. மேற்கிலிருந்து கடலை நோக்கி மெல்லச் சரியும் நிலத்தில், நீர் ஓடும் வழிக்குக் குறுக்கே, தாழ்ந்த பக்கத்தில் மட்டும் மண்ணால் ஒரு கரை போட்டார்கள். மேட்டுப் பக்கம் திறந்தே கிடக்கிறது. நிலத்தின் சரிவே ஏரியின் மற்ற சுவர்.

இந்த ஏற்பாட்டில் எவ்வளவு நீர் பிடிபடும்? ஒரு ஏரிக்கு ஐந்து சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்பு, அதாவது மழைநீர் வழிந்து அதை நோக்கி வரும் நிலம், இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஓர் இரவில் 60 மி.மீ. மழை பெய்து, அதில் மூன்றில் ஒரு பங்கு மண்ணில் ஊறாமல் ஓடி வந்தால் ஏரிக்குள் சேர்வது 10 கோடி லிட்டர். நகரத்துத் தெருக்களில் ஓடும் தண்ணீர் லாரிகளில், ஒன்றுக்குப் பத்தாயிரம் லிட்டர் வீதம், பத்தாயிரம் லாரி. கசிவும் ஆவியும் போகாதென்றால் 25 ஏக்கர் நெல்லை விளைவிக்க அந்த ஓர் இரவின் நீர் போதும்.

இத்தனை நீரையும் வெறும் மண் எப்படித் தாங்குகிறது என்பது அடுத்த வியப்பு. கரையோரம் மூன்று மீட்டர் ஆழம் நீர் நின்றால், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் நீர் தள்ளும் விசை ஏறத்தாழ நாலரை டன். ஆனால் அந்த நீர் பின்னால் நூறு மீட்டர் பரந்திருந்தாலும் நாலரை டன்தான். நான்கு கிலோமீட்டர் பரந்திருந்தாலும் நாலரை டன்தான். நீரின் அழுத்தம் ஆழத்தைத்தான் பார்க்கும், பரப்பைப் பார்க்காது. ஆகவே தட்டையான நிலத்தில் ஆழமில்லாமல் அகலமாக நீரைத் தேக்கினால், கூடையில் சுமந்து கொட்டிய மண்ணே ஒரு கடலைத் தடுத்து நிறுத்திவிடும். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்தில் உருவான வீராணம் ஏரியின் கரை சுமார் 16 கி.மீ. நீளம். இன்று அதன் கொள்ளளவு 1.465 டி.எம்.சி., அதாவது நாலாயிரம் கோடி லிட்டருக்கு மேல். 2004 முதல் அந்த நீர் இருநூறு கிலோமீட்டருக்கும் அதிகமான தூரம் குழாயில் பயணித்துச் சென்னைக்கும் வருகிறது.

தள்ளுவிசையைக் காட்டிலும் கரைக்குக் கொடிய பகைவர்கள் உண்டு. ஒன்று அலை. காற்று பரந்த நீர்ப்பரப்பில் எழுப்பும் அலைகள் ஓயாமல் மோதி மண்ணை அரிக்கும். அதற்காகத்தான் கரையின் உள்முகத்தில் கற்களை நெருக்கிப் பதித்திருப்பார்கள்; அலைகல் என்று பெயர். இன்னொன்று நண்டு வளை, எலி வளை. விரல் நுழையும் துளையில் கசியத் தொடங்கும் நீர் வழியிலுள்ள மண்ணைத் தன்னோடு இழுத்துப் போகும், துளை பெருகும், விடிவதற்குள் கரை வாய் பிளக்கும். பருவத்தில் இரவெல்லாம் பந்தமும் மண்வெட்டியுமாகக் கரையில் ஆள் நடந்ததற்கு இதுவே காரணம். மூன்றாவது பகை, கரைக்கு மேலாகவே நீர் வழிவது. மண் கரையின் உச்சியில் நீர் ஏறி வழிந்தால் மறுபக்கச் சரிவைச் சில மணி நேரத்தில் கரைத்துத் தின்றுவிடும். இந்தக் கதி கரைக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்ததுதான் கலிங்கு.

கரையின் ஒரு முனையில், உறுதியான தரையுள்ள இடத்தில், கரையைவிடத் தாழ்வாகக் கல்லால் கட்டிய வழிவாய் அது. கலுங்கு, கலங்கல் என்றும் சொல்வார்கள். தெற்கே ஏரி நிறைந்து வழிந்தால் மறுகால் பாய்கிறது என்பார்கள். ஏரி எவ்வளவு உயரம் நிறையலாம் என்பதைத் தீர்மானிப்பது கரை அல்ல, இந்தக் கலிங்கின் உயரம். அதன் நீளத்தைத் தீர்மானிப்பது இன்னும் கடினமான கணக்கு. நூறாண்டில் ஒருமுறை வரும் பெருமழையையும் அது வெளியேற்றியாக வேண்டும். நீர்ப்பிடிப்பு எட்டு மடங்கு பெரிதானால் வெள்ளமும் எட்டு மடங்கு வருமா? வராது. தொலைவிலிருந்து வரும் நீர் தாமதமாக வரும். எல்லா ஓடைகளின் உச்சமும் ஒரே நேரத்தில் வந்து சேராது. சென்னை மாகாணத்து ஏரிகளையும் ஆறுகளையும் வைத்து ரைவ்ஸ் என்ற பொறியாளர் 1884இல் ஒரு சூத்திரம் தந்தார். அதன்படி நீர்ப்பிடிப்பு எட்டு மடங்கானால் வெள்ளத்தின் உச்சம் நான்கு மடங்குதான் ஆகும். பொறியியல் மாணவர்கள் இன்றும் இதைப் படிக்கிறார்கள். அவருக்குப் பல நூற்றாண்டு முன்பே கலிங்கு கட்டியவர்கள் சூத்திரம் எழுதி வைக்கவில்லை. ஒவ்வொரு உடைப்பிலிருந்தும் கற்று நீளத்தைக் கூட்டிக்கொண்டே வந்தார்கள்.

பழைய கலிங்குகளின் மேல் சில அடி இடைவெளியில் குத்துக்கற்கள் வரிசையாக நடப்பட்டிருப்பதைப் பார்க்கலாம். அழகுக்கு நட்டவை என்று கடந்துவிடுவோம். ஏரியின் நீர்க் கணக்கில் மிகக் கூர்மையான சிந்தனை அங்கேதான் நிற்கிறது. மழை உக்கிரமாக இருக்கும் நாட்களில் கற்களுக்கிடையே வாய் திறந்திருக்கும். வெள்ளம் தடையின்றி ஓடும். பருவம் முடியும் தறுவாயில், இனிப் பெரிய மழை வராது என்று ஊர் முடிவு செய்ததும், அந்த இடைவெளிகளில் புல்கரணையும் களிமண்ணும் தழையும் வைத்து அடைப்பார்கள். ஏரி இன்னும் ஓரடி உயரும். ஒருவேளை கணக்குத் தப்பி எதிர்பாராத மழை வந்துவிட்டால்? அந்த மண்ணடைப்பு முதலில் கரைந்து போகும், கரை பிழைக்கும். பெரிய அணைகளில் வேண்டுமென்றே பலவீனமாக ஒரு மண் திட்டை வைத்து, மிகை வெள்ளத்தில் அது மட்டும் உடையும்படி இன்று வடிவமைக்கிறார்கள். அதே தத்துவம்.

ஓரடிக்கு இத்தனை பாடா என்று தோன்றலாம். ஏரியின் வடிவத்தை நினைத்துப் பாருங்கள். அடியில் குறுகி, மேலே போகப் போக நாலாபுறமும் விரியும் பாத்திரம் அது. சரிவான தரையும் சரிவான பக்கங்களும் கொண்ட இத்தகைய பாத்திரத்தில் கொள்ளளவு உயரத்தின் மும்மடியாக ஏறும். உயரம் இரட்டித்தால் நீர் எட்டு மடங்கு. இதைத் திருப்பிப் போட்டால் வருவது இன்னும் வியப்பு: பத்தடி ஏரியின் கீழ்ப்பாதி ஐந்தடியில் இருப்பது மொத்த நீரில் எட்டில் ஒரு பங்கு மட்டும். மேல் ஓரடியில் இருப்பதோ நான்கில் ஒரு பங்குக்கும் அதிகம். எல்லா ஏரியும் அச்சில் வார்த்த வடிவம் அல்ல, எண்கள் சற்று மாறும். ஆனால் திசை மாறாது. ஏரியின் செல்வம் அதன் ஆழத்தில் இல்லை, மேல் விளிம்பில் இருக்கிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளச் சொல்வேன்.

சேர்த்தாயிற்று. இனி அளவாகத் திறக்க வேண்டும். மூன்று மீட்டர் ஆழத்தில் ஒரு துளையைத் திறந்தால் நீர் மணிக்கு 28 கி.மீ. வேகத்தில் பீறிடும். ஆழம் கால்வாசியாகக் குறைந்தால் வேகம் பாதியாகும். இப்படிச் சீறி வரும் நீரை மண் கரையின் வயிற்றுக்குள் புகுத்தி மறுபக்கம் கொண்டு போவது, உடைப்பை நாமே அழைத்து வருவதற்குச் சமம். பழைய தச்சர்களும் கல்வேலைக்காரர்களும் இதற்குக் கண்ட விடை குமிழித் தூம்பு.

கோடையில் ஏரி வற்றும்போது உள்ளே, கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு உயரமான கல்தூண்கள் குறுக்குக் கற்களால் பிணைக்கப்பட்டு நிற்பதைக் காணலாம். அவற்றின் அடியில் தரையோடு தரையாகப் பதித்த கல்தொட்டி ஒன்று இருக்கும். அதிலிருந்து கரைக்கு அடியில் கல்லால் மூடிய கால்வாய் புறப்பட்டு வயல் பக்கம் போய்த் திறக்கும். அதற்குச் சுருங்கை என்று பெயர். தொட்டியின் துளையை ஒரு கல் அல்லது மரக் குமிழ் அடைத்திருக்கும். குமிழில் கோர்த்த தண்டு குறுக்குக் கற்களில் உள்ள ஓட்டைகள் வழியாக மேலே வரும். ஆள் நீந்திப் போய்த் தண்டைத் தூக்கினால் நீர் இறங்கும். விட்டால் நீரின் எடையே குமிழை அழுத்தி மூடிவிடும்.

கரைக்கு வெளியே வசதியாக நின்று திறந்து மூடும்படி கதவை வைக்காமல், ஏரிக்குள்ளே நீந்திப் போகும் இடத்தில் ஏன் வைத்தார்கள்? இங்கேதான் மேதைமை. அடைப்பு வெளிமுனையில் இருந்தால், மூடியிருக்கும் நாளெல்லாம் சுருங்கை முழுக்க நீர் முழு அழுத்தத்தோடு நிற்கும். கல் இடுக்குகளில் அது கசிந்து கரையின் உள்மண்ணை ஊற வைக்கும். அடைப்பு உள்முனையில் இருந்தால் மூடியதும் சுருங்கை காலியாகிவிடும். திறந்தால் நீர் அதற்குள் தாராளமாக ஓடும். கரையின் வயிற்றில் அழுத்தம் ஒருபோதும் தங்காது. நவீன அணைகளில் மதகுக் கதவை நீர்த்தேக்கத்தின் பக்கம் அமைக்கும் காரணமும் இதுதான்.

தொட்டியில் துளைகளும் இரண்டு வகை. நீர் இறங்கச் சற்று உயரத்தில் நீரோடித் துளை. தரையை ஒட்டிச் சிறிதாகச் சேறோடித் துளைகள். நீர் விரையும்போது அடியில் படிந்த வண்டலும் கலங்கி அவற்றின் வழியே வயலுக்குப் போகும். ஏரி முழுவதையும் இதுவே தூர் வாரிவிடும் என்று சிலர் எழுதுகிறார்கள்; அது மிகை. துளைக்கு அருகில் உள்ள சேற்றைத்தான் அது இழுக்கும். ஆனால் தூம்பின் வாய் ஒருநாளும் அடைபடாமல் காத்துக்கொள்ளும், அதுவே பெரிய காரியம். புதுக்கோட்டை வட்டாரத்தில் இத்தகைய தூண்களில் தூம்பைச் செய்து வைத்தவர்களின் பெயர்கள் கல்வெட்டாக நிற்கின்றன. ஆண்டில் பாதி நாள் நீருக்குள் மூழ்கியிருக்கும் கல்லில் பெயர் பொறித்திருக்கிறார்கள்.

பாக் நீரிணைக்கு அப்பால் இதே சிக்கலுக்கு வேறொரு அழகான விடை கண்டார்கள். இலங்கையின் வறண்ட வலயத்துக் குளங்களில் கரையின் உள்பக்கம் சதுரக் கிணறு ஒன்று உண்டு, சிங்களத்தில் பிசோகொட்டுவ. சீறி வரும் நீர் அந்தக் கிணற்றில் மோதி வேகம் தணிந்த பிறகே வயலுக்குச் செல்லும். ஆங்கிலேயர் காலத்தில் அங்கே நீர்ப்பாசனப் பொறியாளராக இருந்த ஹென்றி பார்க்கர் இதைப் பார்த்து, தம் காலத்து வால்வுக் கிணறுகளின் முன்னோடி என்று அடையாளம் கண்டார். ஐந்தாம் நூற்றாண்டில் தாதுசேனன் கட்டிய கலாவெவவிலிருந்து அனுராதபுரம் வரை செல்லும் கால்வாய் 87 கி.மீ. நீளம். அதன் முதல் 27 கி.மீ. தூரத்துக்குத் தரை, கிலோமீட்டருக்கு ஏறக்குறைய பத்து செ.மீ. மட்டுமே இறங்குகிறது. கையை விரித்துப் பார்த்தால் ஒரு சாண்கூட இல்லை. அந்தச் சரிவை எந்தக் கருவியால் அளந்தார்கள் என்று யோசிக்க யோசிக்க வியப்பு கூடுகிறது. வவுனியாவிலும் முல்லைத்தீவிலும் இன்றும் தமிழ் விவசாயிகள் துருசு, அதாவது மதகு, திறந்து வயலுக்கு நீர் விடுகிறார்கள். குளம் நிறைந்து வான், அதாவது கலிங்கு, பாய்ந்தால் பார்க்க ஊர் திரள்கிறது.

கல்லும் மண்ணும் பாதிக் கருவி. மீதிப் பாதி மனிதர். மதகைத் திறந்து வாய்க்காலில் விட்ட நீரை இன்னார் வயலுக்கு இவ்வளவு நேரம் என்று பங்கிட்டவர் நீர்க்கட்டி. சில ஊர்களில் நீர்பாய்ச்சி, மடைக்குடும்பர். மண்வெட்டியால் ஒரு வெட்டு வெட்டி வாய்மடையைத் திறப்பார். அதே மண்ணால் முந்தைய வயலின் மடையை அடைப்பார். ஏரி வற்ற வற்ற மதகில் நீரின் வேகம் குறைவதால், அதே அளவு நீருக்கு நேரத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். சூத்திரம் தெரியாமலே அந்தத் திருத்தத்தைத் தினமும் செய்தார். கூலி பணமாக அல்ல, அறுவடையில் ஒரு பங்கு நெல்லாகக் கிடைத்தது. கடைமடை வயல் காய்ந்தால் அவருடைய பங்கும் குறையும். ஆகவே அவர் கண் எப்போதும் கடைமடையின் மேல் இருந்தது.

நீர் போதாத ஆண்டில் என்ன செய்வது? இலங்கையில் பெத்ம என்றொரு வழக்கம் உண்டு. குளம் பாதிதான் நிறைந்தது என்றால் ஆயக்கட்டு, அதாவது குளத்து நீரில் பாசனம் பெறும் வயல், முழுவதையும் நட்டு எல்லாவற்றையும் காயவிட மாட்டார்கள். குளத்துக்கு அருகிலுள்ள வயல்களை மட்டும் எடுத்து, நிலம் யாருடையது என்று பார்க்காமல், அந்தப் பருவத்துக்கு எல்லாக் குடும்பங்களுக்கும் பிரித்துக் கொடுப்பார்கள். நீரைப் பங்கிடுவதற்குப் பதில் நிலத்தைப் பங்கிடும் ஏற்பாடு. வாய்க்கால் நீளம் குறைவதால் வழியில் வீணாகும் நீரும் குறைகிறது. நீதியும் சிக்கனமும் ஒரே முடிவில் கிடைத்துவிடுகின்றன.

ஓர் ஏரியோடு இது நின்றிருந்தால் பாதி நீர் கடலுக்குத்தான் போயிருக்கும். மேல் ஏரியின் கலிங்கு வழிந்தால் அந்த நீர் ஒரு கால்வாயில் இறங்கிக் கீழ் ஏரிக்குப் போகிறது. மேல் ஏரியின் வயல்களில் பாய்ந்து மிஞ்சி வடிந்த நீரும் அங்கேயே போகிறது. மண்ணில் கசிந்ததும் அடிவழியாகப் போய்ச் சேருகிறது. ஒரே துளி மலையடிவாரம் முதல் கடற்கரை வரை மூன்று நான்கு ஊர்களில் நெல் விளைவித்துவிட்டுப் போகும். இராமநாதபுரம் பெரிய கண்மாய் இப்படி வைகையின் கடைசியில் காத்திருக்கிறது. வழியெல்லாம் கண்மாய்களுக்கு நீர் கொடுத்துக்கொண்டே வரும் வைகை கடலைத் தொடுவதே அரிது. ஏரித் தொடருக்கு இன்னொரு பயனும் உண்டு. பெருமழையில் ஒவ்வொரு ஏரியும் வெள்ளத்தைச் சில மணி நேரம் பிடித்து வைத்து, உச்சத்தை மழுக்கிக் கீழே அனுப்புகிறது. எதிர்ப்பக்கம் ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. மேலே ஒன்று உடைந்தால் அதன் நீர் மொத்தமாக அடுத்ததில் விழும். அதுவும் தாங்காமல் போகலாம். ஆகவே மேல் ஊரின் கலிங்கு கீழ் ஊரின் கவலையும் ஆகிறது. யாராவது கலிங்கை ஒரு சாண் உயர்த்திவிட்டால் மேற்கே இருப்பவன் புன்செய் மூழ்கும், கிழக்கே இருப்பவன் ஏரி நிறையாது. கலிங்கின் உயரம் ஊர்களுக்கிடையே கல்லால் எழுதிய உடன்படிக்கை.

இதை நடத்த நிர்வாகம் வேண்டும். உத்திரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு, 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலைத் தேர்தல் முறையைச் சொல்வதால் புகழ்பெற்றவை. அந்தத் தேர்தலில் தேர்வானவர்களைக் கொண்டு அமைந்த வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம்; உறுப்பினர் ஆறு பேர். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வர முடியாது. பல்லவர் காலத்து வைரமேகத் தடாகம் அவர்கள் பொறுப்பில் இருந்தது. ஏரியில் ஓடம் விட்டு வண்டல் அள்ளிக் கரைக்குப் போட நிவந்தம் விட்ட செய்திகளையும் தொண்டை மண்டலத்துக் கல்வெட்டுகளில் காண்கிறோம். நீர் நிற்கும்போதே ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்தார்கள். கோடையில் விவசாயிகளும் மாட்டு வண்டியோடு வந்து வண்டலை வயலுக்கு அள்ளிப் போனார்கள். ஏரிக்கு அது தூர். வயலுக்கு அதுவே எரு.

கண்ணுக்குத் தெரியாத வேலை ஒன்றையும் ஏரி செய்கிறது. கோடையில் ஒரு சதுர கிலோமீட்டர் நீர்ப்பரப்பிலிருந்து நாளுக்கு 5 மி.மீ. ஆவியானால்கூடப் போகிறது 50 லட்சம் லிட்டர். ஆழமில்லாத ஏரிக்கு இது தீராத இழப்பு. ஆனால் கீழே கசிந்து போகும் நீர் இழப்பல்ல. அது ஆயக்கட்டுக் கிணறுகளில் ஊறி, வெயில் தொடாத இடத்தில் சேமிப்பாகிறது. இன்று தமிழகத்தின் பாசனப் பரப்பில் பாதிக்கு மேல் கிணறுகளை நம்பியிருக்கிறது. மோட்டார் வந்த பிறகு ஏரி எதற்கு என்று மதகைக் கைவிட்ட ஊர்கள் பல. நீர்க்கட்டியின் வேலை போனது, ஏரிக்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தூர்ந்தது, ஏரி நிறைவது நின்றது. அப்புறம் கிணறுகளும் ஆழம் போயின. மேலே இருந்த ஏரிதான் கீழே இருந்த கிணற்றுக்கு நீர் கொடுத்துக்கொண்டிருந்தது என்பது அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது.

ஊர் மக்களே ஏரியைப் பராமரிக்கும் குடிமராமத்து 2017இல் அரசுத் திட்டமாக மீண்டும் வந்தது; ஏரி வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ளவும் அதே ஆண்டு வழி பிறந்தது. இரண்டையும் மனமார வரவேற்கிறேன். ஆனால் தூர் வாருவது என்றாலே பொக்லைனை ஏரியின் நடுவயிற்றில் இறக்கிப் பத்தடிக் குழி பறிப்பது என்று ஆகிவிட்டதைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டிய குழியில் நிற்கும் நீர் எந்த வயலுக்கும் தானாகப் பாயாது. ஏரிக்குள் வரும் நீர் வேகம் குறைந்ததும் மணலை முதலில் வாசலில் போடும். மெல்லிய களிமண்ணைக் கரையருகே கொண்டுவந்து படிய வைக்கும். பல நூற்றாண்டுகளாகப் படிந்த அந்தக் களிமண் விரிப்புதான் கரையடியில் நீர் கசியாமல் காக்கிறது. குழி பறிப்பவர்கள் அதைத்தான் கிழிக்கிறார்கள். ஆடு மாடும் வற்றிய ஏரியில் மேயும் பறவைகளும் இறங்க முடியாத செங்குத்துக் குழியாகிவிடுவது தனி.

மேல் ஓரடிக் கணக்கை இங்கே வைத்துப் பார்க்க வேண்டும். அடியில் எவ்வளவு தோண்டினாலும் கிடைப்பது பாத்திரத்தின் குறுகிய பகுதி. மேல் ஓரடி நிறைய வேண்டுமானால், முழங்கால் அளவு நீர் நிற்கும் அந்தப் பரந்த ஓரம்வரை நீர் ஏற வேண்டும். ஆண்டில் ஒன்பது மாதம் காய்ந்து கிடப்பதால் அந்த ஓரத்தைத்தான் முதலில் தரிசு என்பார்கள், முதலில் மனை போடுவார்கள், பேருந்து நிலையம் கட்டுவார்கள். கட்டிய வீடுகள் மூழ்காமலிருக்கப் பிறகு கலிங்கை இடித்து ஓரடி தாழ்த்துவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஏரி அப்படியேதான் இருக்கும், நடுவில் நீரும் இருக்கும். கால்வாசிக் கொள்ளளவு போயிருக்கும்.

தென்சென்னையில் இந்தத் தொடரை நடந்தே பார்க்கலாம். செம்பாக்கம் ஏரி நிறைந்தால் நன்மங்கலம், அது நிறைந்தால் கீழ்க்கட்டளை, அப்புறம் நாராயணபுரம், கடைசியில் பள்ளிக்கரணைச் சதுப்பு. சதுப்பிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்ஹாம் கால்வாய். அங்கிருந்து முட்டுக்காட்டில் கடல். ஆயக்கட்டு வயல்கள் அடுக்குமாடிகளாகிவிட்டன, நெல் இல்லை. ஆனாலும் ஒவ்வொரு நவம்பரிலும் ஏரிகள் தங்கள் பழைய வேலையைச் செய்யத்தான் செய்கின்றன. வெள்ளத்தைப் பிடிக்கின்றன, நிறைகின்றன, கலிங்கில் வழிகின்றன, சுற்றுப்புறத்து ஆழ்துளைக் கிணறுகளுக்கு நீர் ஊட்டுகின்றன. கலிங்கு வழிந்த மறுநாள் ஏரி உடைந்துவிட்டது என்று பதற்றச் செய்தி பரவுகிறது. உடையவில்லை, வடிவமைத்தபடியே வேலை செய்கிறது. அந்த நீர் அடுத்த ஏரிக்குப் போகும் கால்வாய் எந்தத் தெருவுக்கு அடியில் இருக்கிறது என்பதைப் பழைய கிராம வரைபடத்தை விரித்தால் பார்த்துவிடலாம். சர்வே எண்ணோடு, அகலத்தோடு, இன்னும் அதில் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பு 2022இல் ராம்சார் பட்டியலில் இடம்பெற்றுப் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் ஆனது. அதற்கு நீர் கொண்டுவரும் ஏரிகளின் கால்வாய்களுக்கும் அந்தப் பாதுகாப்பு நீள வேண்டும் என்பதே என் கட்சி; மேலேயிருந்து நீர் வராவிட்டால் பட்டியலில் பெயர் இருந்தும் அங்கே சதுப்பு இருக்காது.